என் முதுகில் இருந்தது இரும்பல்ல

இப்போது நான் நடக்கிறேன். இடது கால் இன்னும் முழுக்கச் சொல்வழி கேட்பதில்லை; படியிறங்கும்போது கொஞ்சம் யோசித்துத்தான் கீழே வைக்கும். ஆனாலும் நடக்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவர்களுக்கும் ஊரில் விசாரித்தவர்களுக்கும் ஒவ்வொருவராகச் சொல்லிச் சொல்லி, கதை ஒவ்வொரு விதமாகப் போய்விட்டது. சிலருக்குப் பாதியை மறைத்தேன். என் மகள் தாரணிதான் ஒருநாள், "அப்பா, ஒருக்கா இருந்து முழுக்க எழுதுங்கோ. உங்களுக்கும் நல்லம்" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

எனக்கு ஐம்பத்தைந்து வயது தாண்டிவிட்டது. கிளிநொச்சிப் பக்கம் வயல் செய்கிறேன். பிறந்தது நெடுந்தீவில். என் மனைவி மங்கையும் அந்தத் தீவுதான்.

நோய் ஒரு செருப்பில் தொடங்கியது. வரம்பால் நடந்துபோய்க்கொண்டிருந்தேன். பின்னால் வந்த மங்கை, "இஞ்சருங்கோ, என்ன ஒரு காலிலை மட்டும் செருப்போடை போறியள்?" என்று கேட்டாள். குனிந்து பார்த்தேன். இடது காலில் செருப்பு இல்லை. கழன்றதே எனக்குத் தெரியவில்லை. இரண்டு பேரும் சிரித்தோம்.

அதற்குப் பிறகு சிரிக்க ஒன்றும் இருக்கவில்லை. பின்னேரமானால் குளிரும் காய்ச்சலும். முதுகின் அடியில், இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, யாரோ கொட்டன் தடியால் அழுத்துவதுபோல ஒரு வலி. மருந்தெடுத்தால் ஆறும், திரும்ப வரும். பிறகு பாதம் நிலத்தில் உரசத் தொடங்கியது. பாதத்தைத் தூக்கு என்று மனம் சொல்கிறது, பாதம் பேசாமல் தொங்குகிறது. எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரி டொக்டர் என் காலைத் தட்டியும் கீறியும் பார்த்துவிட்டு, "ஐயா, முதுகெலும்புக்குள்ளை ஏதோ நரம்பை நெரிக்குது. கொழும்புக்குப் போங்கோ. சுணங்காதையுங்கோ" என்றார்.

அறுவடைக்குக் கிட்டிய காலம். மங்கை வயலையும் மாட்டையும் பார்க்க நின்றுவிட்டாள். நான் பஸ் ஏறினேன்.

தாரணி வெள்ளவத்தையில் இருக்கிறாள். கொள்ளுப்பிட்டியில் ஒரு கந்தோரில் கணக்குப் பார்க்கிறாள். அவளுடைய வீடு மாடிக் கட்டடம் ஒன்றில் சின்னதாக இரண்டு அறை. பின்பக்க ஜன்னலால் இரண்டு சுவர்களுக்கு நடுவே ஒரு துண்டுக் கடல் தெரியும். ரயில் போனால் அலுமாரிக் கதவு நடுங்கும். நான் போன முதல் நாளே என் நடையைப் பார்த்து அவளுடைய முகம் மாறிவிட்டது. தேத்தண்ணி குடிக்கவும் விடவில்லை. ஓட்டோ பிடித்து நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் காத்திருப்பது தனி வேலை. வாங்கில் இடம் பிடித்து இருந்தால் எழும்பப் பயம், எழும்பினால் இடம் போய்விடும். எனக்கு இருக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. தாரணி தன்னுடைய கைப்பையை என் முதுகுக்கு அணையாக வைத்தாள். பக்கத்தில் இருந்த ஒரு சிங்கள அம்மா எங்களைப் பார்த்துவிட்டு, தன் முறையை விட்டு எங்களை முன்னால் போகச் சொன்னா. ஒரு வார்த்தையும் கதைக்கவில்லை, கையால் காட்டினா. அந்த முகம் இன்னும் எனக்கு ஞாபகம்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். முதுகெலும்புக்குப் பக்கத்தில், கிட்டத்தட்ட அதைத் தொட்டபடி, நகம் அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி.

"இது என்ன?" என்று டொக்டர் சிங்களத்தில் கேட்டார்.

தாரணி என்னைக் கேட்காமலே பதில் சொன்னாள். "செல் துண்டு. சண்டைக் காலத்திலை பட்டது."

அவளுக்கு அவ்வளவுதான் தெரியும். வன்னியில் உடம்புக்குள் குண்டு வெடித்துத் தெறித்த செல் துண்டு உள்ளவர்களுக்குக் குறைவில்லை. அப்பாவுக்கும் ஒன்று இருக்கிறது என்று சின்ன வயதிலிருந்தே தெரிந்துகொண்ட பிள்ளை. எப்போது பட்டது, எங்கே பட்டது என்று கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. டொக்டரும் தலையை ஆட்டிவிட்டு என்னை வார்டில் மறித்து, கட்டில் ஒன்று கொடுத்தார்.

அந்தப் புள்ளிதான் பெரிய தடையாக நின்றது. நரம்புக்கு என்ன நடக்கிறது என்று பார்க்க எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க வேண்டும். அது ஒரு பெரிய காந்தக் குழாய். ஆளை உள்ளே விட்டு, காந்தத்தின் பலத்தால் படம் பிடிக்கிறார்கள். உடம்புக்குள் இரும்பு இருந்தால் காந்தம் அதை இழுக்கும். கையிலோ தொடையிலோ இருந்தால் ஒருவேளை சமாளிக்கலாம். நரம்புக் கற்றைக்குப் பக்கத்தில் இருக்கும் இரும்பு கொஞ்சம் அசைந்தாலும் இரண்டு காலும் போய்விடும். எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். எடுக்காவிட்டால் எங்கே வெட்டுவது என்று தெரியாது. வெட்டாமல் விட்டால் கால் எப்படியும் போகும். இடதுகாலின் மரப்பு முழங்கால்வரை ஏறிவிட்டிருந்தது. வலது பாதத்தின் விரல்களும் கனக்கத் தொடங்கியிருந்தன. சிறுநீர் போகாமல் குழாய் போட்டார்கள்.

எனக்குச் சாவுப் பயம் அவ்வளவாக இருந்ததில்லை. ஆனால் வயல் செய்கிறவன் கால் இல்லாமல் என்ன செய்வான்? வரம்பில் ஒரு கதிரையைப் போட்டு இருந்து, மங்கை தனியாகச் சேற்றில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதானா?

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் அந்தோனி. கொட்டாஞ்சேனைக்காரர். துறைமுகத்தில் சாமான் ஏற்றி இறக்குகிறவர். லொறிக்கு மேலிருந்து விழுந்து முதுகெலும்பு வெடித்து, மல்லாக்கப் படுத்தபடி கிடந்தார். திரும்பிப் பார்க்கக் கூடாது. ஆகவே விட்டத்தைப் பார்த்துத்தான் என்னோடு கதைப்பார். அவருடைய மனைவி மத்தியானம் கொண்டுவரும் சாப்பாட்டில் எனக்கும் ஒரு பங்கு வரும். "அண்ணே, ஆஸ்பத்திரி சோத்த தின்னா கால் வராது. இத தின்னுங்க" என்பார். அவருக்கு ஒரேயொரு பழக்கம், குதிரைப் பந்தயம். எங்கேயோ இங்கிலாந்தில் ஓடும் குதிரைகளுக்குக் கொழும்பில் இருந்து பணம் கட்டுவார்கள் என்பது எனக்கு அவர் சொல்லித்தான் தெரியும். எந்தக் குதிரைக்கு ஈர நிலம் பிடிக்கும், எது கடைசி வளைவில் சோர்ந்துபோகும் என்றெல்லாம் சொல்லுவார். ஒரு குதிரையையும் தொட்டுப் பார்த்ததில்லையாம்.

நான் கேட்டுக்கொண்டிருப்பேன். ஒன்றும் சொல்ல மாட்டேன்.

வேறு வழி இல்லாமல் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். அது காந்தமில்லை, எக்ஸ்ரே மாதிரித்தான், ஆனால் உடம்பைப் பாண் ரொட்டி வெட்டுவதுபோல் மெல்லிய துண்டு துண்டாகக் காட்டும். மறுநாள் காலை பெரிய டொக்டர் வந்தார். சிங்களவர், தலை நரைத்தவர், சத்தம் போட்டுக் கதைக்காதவர். தாரணி வேலைக்கு லீவு போட்டுவிட்டு என் தலைமாட்டில் நின்றாள்.

அவர் சிங்களத்தில் சொல்லச் சொல்லத் தாரணி தமிழில் சொன்னாள்.

"அப்பா, அது இரும்பில்லையாம். இரும்பெண்டால் படத்திலை சுத்திவரக் கதிர் அடிச்சமாதிரிக் கோடு விழுமாம். இதிலை ஒரு கோடும் இல்லையாம்."

"அப்ப என்னவாம்?"

அவள் திரும்பக் கேட்டாள். டொக்டர் கொஞ்சம் நிதானித்துச் சொன்னார்.

"எலும்பு மாதிரி ஒண்டாம். இல்லாட்டிப் பல்லாம். ஆனால் உங்கடை இல்லையாம். செல் வெடிக்கேக்கை பக்கத்திலை நிண்ட ஆருடையதோ... அப்பா, செல் விழேக்கை உங்களுக்குப் பக்கத்திலை ஆர் நிண்டது?"

சோதனைச் சாவடிகள் எனக்கு ஞாபகம் வந்தன. இயந்திரக் கோலால் உடம்பைத் தடவும்போதெல்லாம், முதுகுப்பக்கம் வந்ததும் நான் மூச்சை நிறுத்திவிடுவேன். இப்போது சத்தம் வரும், இப்போது தனியாகக் கூப்பிடுவார்கள் என்று. ஒருநாளும் சத்தம் வந்ததில்லை. துண்டு ஆழத்தில் இருக்கிறது, அதனால்தான் தப்பினேன் என்று நம்பியிருந்தேன்.

"ஒரு குதிரை நிண்டது" என்றேன்.

தாரணி குனிந்து என் முகத்தைப் பார்த்தாள். காய்ச்சலில் பிதற்றுகிறேன் என்று நினைத்திருப்பாள்.

"குதிரையும், உன்ரை குணம் மாமாவும்."

அந்த வார்டில், அவ்வளவு ஆட்களுக்கு நடுவில், என் மகளுக்கு முதல்முறையாகச் சொன்னேன். நெடுந்தீவில் காட்டுக் குதிரைகள் உண்டு. கட்டையான, முரட்டுச் சாதி. எங்கள் குரக்கனையும் சாமையையும் தின்ன வரும். அவற்றைத் துரத்திப் பிடித்துக் கட்டிப் பழகியதுதான் என் குதிரை வித்தை. சண்டை தொடங்கிப் பெற்றோல் வராமல் நின்றபோது, தீவில் இருந்த இயக்கப் பொறுப்பாளர் ஒருவருக்கு அந்த யோசனை வந்தது. ஓட ஒரு வாகனமில்லை, முருகைக்கல் பாதையில் சைக்கிளும் நிற்காது, ஆனால் குதிரைகள் நிறைய நிற்கின்றன. ஆட்களைத் தேடினார். என்னை ஒருவரும் இழுத்துக்கொண்டு போகவில்லை. நானாகப் போனேன். எனக்கு அப்போது இருபது வயது. மங்கையின் தம்பி குணம் எனக்கும் இளையவன், என் பின்னாலேயே வந்தான்.

நாங்கள் ஏழெட்டுப் பேர். சேணம் கிடையாது, சாக்கை மடித்துக் கட்டி, கயிற்றைக் கடிவாளமாகப் போட்டுக்கொள்வோம். கரையோரம் சுற்றிவருவோம். கடலில் நேவிப் படகின் சத்தம் கேட்டால் மறுகரைக்குப் போய்ச் சொல்ல வேண்டும். காயப்பட்டவர்களை வள்ளத்துக்குக் கொண்டுபோவோம். ஒருமுறை பிரசவ வலியில் இருந்த ஒரு பெண்ணையும் கொண்டுபோனோம். தோளில் துவக்கு இருந்தது. அதால் சுட்டதுமுண்டு. என்னுடையது ஒரு செம்மறைப் பெட்டைக் குதிரை. செம்பி என்று கூப்பிடுவேன்.

நேவி கரையை நோக்கிச் செல் அடிக்கத் தொடங்கிய நாளில், செம்பியின் முன்காலில் கயிறு சிக்கிவிட்டது. நான் இறங்கிக் குனிந்து சிக்கெடுத்தேன். குணமும் இறங்கி வந்து, அது துள்ளாமல் இருக்கத் தலையைப் பிடித்துக்கொண்டான். செம்பியின் தலை என் முதுகுக்கு மேலே இருந்தது. செல் எங்களுக்குப் பக்கத்துக் கல்வேலியில் விழுந்தது. எனக்கு அவ்வளவுதான் தெரியும். கண் விழித்தபோது வள்ளத்தில் கிடந்தேன். செம்பியும் இல்லை, குணமும் இல்லை. மற்றவர்களால் என்னை மட்டும்தான் தூக்க முடிந்தது. பிறகு ஆமி தீவில் இறங்கிவிட்டது. குணத்தை யார் புதைத்தார்கள், எங்கே புதைத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. காயம் ஆறியதும் நான் இயக்கத்துக்குத் திரும்பப் போகவில்லை. அகதியாக வன்னிக்கு வந்து, மங்கையைக் கட்டி, காடு வெட்டி வயலாக்கினேன்.

இதையெல்லாம் நான் சொல்லி முடித்தபோது டொக்டர் தாரணியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா இயக்கத்தில் இருந்ததைச் சொன்னால் யார் கேட்பார்கள், யார் வீட்டுக்கு வருவார்கள், வேலைக்கு என்ன ஆகும் என்று அந்தக் கணத்தில் அவள் எத்தனையை யோசித்திருப்பாள்! பிறகு சிங்களத்தில் ஏதோ தொடங்கினாள்.

டொக்டர் கையைக் காட்டி நிறுத்தினார். உடைந்த தமிழில் நேரே என்னிடம் கதைத்தார். முந்தி வவுனியாவில் கனகாலம் வேலை செய்தவராம், பிறகுதான் தெரியும்.

"குதிரை. ஹரி, சரி. எனக்கு அது போதும்" என்றார். "எந்தப் பக்கத்துக் குதிரை, அது நான் எழுத மாட்டேன். இரும்பு இல்லை, அதுதான் வேணும். இண்டைக்கே எம்.ஆர்.ஐ. எடுப்போம். பய வென்ட எபா."

பயப்பட வேண்டாம் என்று அர்த்தம். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் அதைப் பார்க்காதவர்போல அடுத்த கட்டிலுக்குப் போனார்.

தாரணி என் கட்டிலில் வந்து இருந்தாள். சீப்பை எடுத்து என் தலையை இழுத்துவிட்டாள். கோபமோ என்று பயந்தேன்.

"அப்பா, எனக்குச் சைக்கிள் பழக்கேக்கை நீங்கள் என்ன சொல்லுறனீங்கள், ஞாபகம் இருக்கோ? முதுகு, நாரியை நிமித்து, முழங்காலாலை இறுக்கிப் பிடி எண்டு. சைக்கிளிலை முழங்காலாலை எதைப் பிடிக்கிறது எண்டு நான் எத்தினை நாள் யோசிச்சிருப்பன்" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள்.

அந்தோனி விட்டத்தைப் பார்த்தபடி, "அண்ணே, நெசமாவே குதிரை மேல போனீங்களா?" என்று கேட்டார். "இத்தன நாளா நான் ஒங்களுக்குக் குதிரைப் பாடம் எடுத்துக்கிட்டிருந்தேனே, வாயத் தொறக்கலியே!"

எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் போகப் பயப்படுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: வலி ஒன்றும் இல்லை. சவப்பெட்டிக்குள் கிடப்பதுபோல ஒடுக்கமாக இருக்கும். தகரத்தில் சுத்தியலால் அடிப்பதுபோல் சத்தம் வரும். அசையக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டால் நல்லது. எனக்குத்தான் ஒவ்வொரு அடியும் முதுகில் விழுவதுபோல இருந்தது. காந்தம் இழுக்கிறதா, இழுக்கிறதா என்று அந்த இடத்தையே கவனித்துக்கொண்டு கிடந்தேன். ஒன்றும் இழுக்கவில்லை.

படத்தில் காரணம் தெரிந்தது. அந்தத் துண்டைச் சுற்றிப் பல வருடமாக உறங்கிக் கிடந்த கிருமி விழித்துக்கொண்டு சீழ் கட்டியிருக்கிறது. சீழ் உள்ளே இறங்கி, முதுகெலும்புக் குழாய்க்குள் போய், கால்களுக்குப் போகும் நரம்புக் கற்றையை நெரிக்கிறது. உடனே திறந்து சீழை எடுக்க வேண்டும், துண்டையும் எடுக்க வேண்டும் என்றார்கள்.

மங்கை அன்று மத்தியானம் வந்து சேர்ந்தாள். நெல்லை அண்டை வீட்டாரிடம் ஒப்படைத்துவிட்டு, உடுத்த சீலையோடு பஸ் ஏறியிருந்தாள். தாரணி அவளை வாசலிலேயே பிடித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கட்டிலுக்குக் கிட்ட வந்தவள் என் காலைத் தடவினாள். அது எனக்குத் தெரியவில்லை, பார்த்துத்தான் அறிந்தேன். பிறகு மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்.

"பல் எண்டுதானே சொல்லுகினம்?"

"ஓம். எலும்பு இல்லாட்டிப் பல்."

"குதிரைப் பல் எண்டு ஆர் சொன்னது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. குதிரை என்று சொன்னது நான்தான். செம்பியின் தலையை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு குணம் நின்றான். அவன் முகமும் அங்கேதான் இருந்தது.

"அவன்ரை எண்டால்," என்றாள் மங்கை, "எனக்குத் தரச் சொல்லுங்கோ. கீரிமலைக் கடலிலை கரைக்கக் கொண்டுபோறன்."

குணத்துக்குக் கிரியை செய்யவில்லை. உடல் இல்லை, நாள் தெரியும், இடம் தெரியாது. அவர்களுடைய தாய் கடைசிவரை அவன் எங்கோ இருக்கிறான் என்று சொல்லிக்கொண்டே செத்தவ. மங்கை அப்படி நம்பவில்லை. ஆனால் தம்பி என்று சொல்லிக் கையில் ஏந்த ஒரு பிடி சாம்பலும் அவளுக்குக் கிடைக்கவில்லை. இத்தனை வருடமும் அவளுக்குப் பக்கத்தில் படுத்த என் முதுகுக்குள் அவளுடைய தம்பி இருந்தானா? அந்த நினைவோடுதான் என்னைத் தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். மயக்க மருந்து ஏறும்வரை, அது யாருடையதாக இருக்க வேண்டும் என்று கடவுளிடம் கேட்பதென்றே எனக்குத் தெரியவில்லை.

மயக்கம் தெளிந்தபோது யாரோ என் இடது காலின் பெருவிரலைக் கிள்ளினார்கள். கிள்ளியது தெரிந்தது! "அய்யோ" என்றேன். தாதி சிரித்தா. "ஹொந்தாய், ஹொந்தாய்" என்றா. நல்லது, நல்லது என்று. வலியைக் கேட்டுச் சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அன்றுதான்.

டொக்டர் வந்து, சீழ் முழுக்க எடுத்தாயிற்று, நரம்பு வெட்டுப்படவில்லை, நடை மெல்ல மெல்ல வரும் என்றார். துண்டை ஒரு சின்னப் போத்தலில் போட்டுப் பல் வைத்தியர்களிடம் அனுப்பியிருக்கிறாராம். மங்கை அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. தாரணி மூலம் விஷயம் அவருக்குப் போயிருக்க வேண்டும். போகும்போது அவளைப் பார்த்து, "அம்மா, நான் சரியாப் பார்த்துச் சொல்லச் சொன்னேன்" என்றார்.

அதன் பிறகு வந்த நாட்கள்தான் நோயைவிடக் கஷ்டமானவை. கை நாளம் வழியாக மருந்து ஏறிக்கொண்டேயிருக்கும். கை வீங்கினால் ஊசியை மறு கைக்கு மாற்றுவார்கள். பயிற்சி கொடுக்கிற பிள்ளை வந்து என் பாதத்தை மேலும் கீழும் அசைப்பாள், நான் வியர்த்துப்போவேன். மங்கை பகல் முழுக்கக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றபடி. இருக்கச் சொன்னாலும் இருக்க மாட்டாள். வெள்ளை மேலங்கி போட்ட யார் வார்டுக்குள் வந்தாலும் அவளுடைய கண் அவர்களின் கையைப் பார்க்கும். அந்தோனியின் மனைவி கொட்டாஞ்சேனைக் கோயிலில் எனக்காக மெழுகுதிரி ஏற்றியதாக வந்து சொன்னா. மங்கை அவவின் கையைப் பிடித்து, "என்ரை தம்பிக்கும் ஒண்டு ஏத்துங்கோ அக்கா" என்றாள்.

கடைசியில் பல் வைத்தியர் வந்தா. மட்டக்களப்புப் பிள்ளை, தாரணியின் வயதுதான் இருக்கும். கையில் போத்தல். நல்ல செய்தி கொண்டுவருகிறவளின் முகத்தோடு வந்தா.

"ஐயா, இது மனிசர்ட பல்லு இல்ல. குதிரைட கடைவாய்ப் பல்லுல உடைஞ்ச துண்டு. மனிசர்ட பல்லுல மினுங்குற பகுதி வெளிப்பக்கம் மட்டும்தான் இருக்கும். குதிரைக்கு உள்ளுக்கயும் மடிஞ்சு மடிஞ்சு போகும். இஞ்ச பாருங்க, கோடு தெரியுதா?"

மங்கை போத்தலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். மஞ்சள் பிடித்த ஒரு சின்னத் துண்டு.

"வடிவாப் பாத்தனீங்களோ, பிள்ளை?"

"ஓம் அம்மா."

"இன்னொருக்காப் பாக்க ஏலாதோ?"

"மிருக வைத்தியர் ஒருத்தருக்கும் காட்டினன் அம்மா. அவரும் அதத்தான் சொன்னவர்."

மங்கை போத்தலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சீலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். அந்தப் பிள்ளை ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தா. தாரணி அவவை வெளியே கூட்டிக்கொண்டுபோய்ச் சொன்னாள். திரும்பி வந்தபோது அந்தப் பிள்ளையின் கண்ணும் கலங்கியிருந்தது. மங்கையின் தோளில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனா.

எனக்கு என்ன தோன்றியது என்று உண்மையைச் சொல்வதானால், முதலில் ஆறுதல். உடனே அந்த ஆறுதலை நினைத்து வெட்கம். செம்பியின் தலை அங்கே இருந்திராவிட்டால் அந்த வெடி முழுவதும் என் முதுகில் இறங்கியிருக்கும். அதை நினைத்து அழவும் எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. மங்கைக்கு ஒரு தம்பி கிடைக்காமல் போயிருக்கிறான், இரண்டாம் முறையாக.

அந்தோனிதான் முதலில் வாய் திறந்தார். "அண்ணே, நானும் எவ்வளவு குதிரைக்குக் கட்டியிருப்பேன். ஒண்ணாவது எனக்காக நின்னதில்ல" என்றார். மங்கை முகத்தை மூடியபடியே சிரித்தாள், அழுகையும் நிற்கவில்லை.

அந்தோனிக்கு முன்பே எனக்குத் துண்டு வெட்டி வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். அவர் படுத்தபடி கையை நீட்டினார். முகத்தைத் திருப்ப முடியாதவரின் முகத்தைக் குனிந்து பார்த்து விடைபெற்றேன். இப்போது அவரும் எழுந்து நடக்கிறார், இடுப்பில் பட்டி கட்டியபடி. வேலைக்குப் போக முடியாது, பந்தயத்துக்குப் போகிறார்.

வெள்ளவத்தை வீட்டில் இன்னும் கொஞ்ச காலம் இருந்து கிளினிக்குக்குப் போய்வரச் சொல்லியிருந்தார்கள். ஆரம்பத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு குசினிவரை. பிறகு மாடிப்படி. பிறகு தாரணியின் கையைப் பிடித்துக்கொண்டு காலி வீதி ஓரமாகக் கோயில்வரை. கால் திரும்பி வர வர, மங்கையின் பேச்சுக் குறைந்துகொண்டு போனது. சமைப்பாள், மருந்து தருவாள், உடுப்பு மடிப்பாள். வேலை முடிந்தால் பின்பக்க ஜன்னலடியில் போய் நிற்பாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வாள் என்று பயம்.

ஒருநாள் பின்னேரம், தாரணி வேலையால் வந்து குளிக்கப் போயிருந்தாள். மங்கை ஜன்னலில் நின்றபடி, திரும்பாமல், கேட்டாள்.

"இஞ்சருங்கோ. குணம் கடைசியா என்ன கதைச்சவன்?"

கல்யாணம் கட்டி இத்தனை வருடத்தில் அவள் அதை ஒருநாளும் கேட்டதில்லை. அவன் வலி தெரியாமல் போய்விட்டான் என்று மட்டும் அந்தக் காலத்தில் சொல்லியிருந்தேன். அதற்கு மேல் அவள் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. பெரிதாக ஏதும் சொல்லியிருந்தால் எப்போதோ சொல்லியிருப்பேன். அவன் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. அதைப் போய்ச் சொல்வது அவனைச் சின்னவனாக்கிவிடும் என்று எனக்குள்ளேயே வைத்திருந்தேன்.

"நீ கட்டித் தந்த ரொட்டியைப் பற்றித்தான் கதைச்சுக்கொண்டு வந்தவன்" என்றேன். "செம்பியின்ரை தலையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கேக்கையும் அதுதான் கதை. ரொட்டியிலை தேங்காய்ப்பூவே இல்லை, அக்கா வரவர நல்லாக் கஞ்சப்பட்டுப் போனா எண்டு சொல்லிச் சிரிச்சவன்."

ரயில் ஒன்று போனது. அது போய் முடியும்வரை மங்கை அசையவில்லை. பிறகு அந்தத் துண்டுக் கடலைப் பார்த்தபடியே சொன்னாள்.

"கஞ்சம் இல்லையடா. அந்தக் கிழமை வள்ளம் வரேல்லை. வீட்டிலை தேங்காய் இருக்கேல்லை."

மங்கை என்னை ஒருநாளும் 'அடா' என்று கூப்பிட்டவள் அல்ல. நான் மெல்ல எழுந்து, அவள் தம்பியோடு கதைக்கட்டும் என்று குசினிப் பக்கம் போனேன்.